காவிரிக் கழிமுகத்தில் தொடக்ககாலக் கட்டடக்கலை ஒளிப்படங்கள்: மூலப்பொருளும் சமூகப் பொருளும் (காரைக்கால் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கோயில்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படங்கள் இன்று கலை வரலாற்று நூல்களிலும் திருப்பணி அறிக்கைகளிலும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவை ஒரு கட்டடத்தின் ‘பழைய தோற்றம்’ அல்லது ‘மூலத் தோற்றம்’ என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. அப்படங்கள் எவ்வகைத் தாளில், எவ்வகை வேதிப்பொருளால், யாருடைய ஆணையால், எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டன என்ற வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சையில் எடுத்த படங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சைக்குக் கிழக்கே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் அப்பதிவுக்கு வெளியே நின்றதையும், அருகிலுள்ள நாகப்பட்டினத்தில் ஒரு பழங்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டதையும் ஒப்பிட்டு, ஒளிப்பட ஆவணத்தின் இருப்பும் இன்மையும் ஆட்சி எல்லையோடும் மூலப்பொருளோடும் பிணைந்தவை என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், மெழுகுத்தாள் எதிர்ப்படம், தஞ்சைப் பெரிய கோயில், காரைக்கால், நாகப்பட்டினம், திருப்பணி, மைப்படி.

1. முன்னுரை

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையில் சிலமுறை ஆங்கிலேயர் கைக்கு மாறினும், 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறை அளவில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும் வரையிலும் அது பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. சட்ட அளவிலான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது. இக்காலம் முழுவதும் அதன் மூன்று பக்கங்களிலும் தஞ்சை மண்டலம் சூழ்ந்திருந்தது. காவிரியின் கிளையாறுகள் இரு ஆட்சிப் பகுதிகளையும் கடந்தே கடலில் கலந்தன. தேவாரப் பதிகங்களில் இடம்பெற்ற தலங்களின் வரிசையும் அவ்வெல்லையை அறியாதது. திருநள்ளாறு ஒருபுறமும் அதன் அண்டைத் தலங்கள் மறுபுறமும் அமைந்தன.

சமய மரபிலும் கட்டட மரபிலும் ஒன்றாக இருந்த இந்நிலப்பரப்பு, ஒளிப்பட ஆவணத்தில் இரண்டாகப் பிளவுண்டது. தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் 1858இலேயே அச்சிட்ட தலைப்புடன் ஒளிப்படத் தொகுதி உண்டு. அதனை வெளியிட்ட சென்னை அரசின் வரிசையில் காரைக்காலுக்கு இடமில்லை. இவ்வேறுபாட்டை ‘ஆவணப் பற்றாக்குறை’ என ஒரு சொல்லில் கடந்துவிடுவது முறையன்று. இன்மைக்கும் காரணங்கள் உண்டு. அக்காரணங்கள் எஞ்சியுள்ள படங்களைப் படிக்கும் முறையையும் தீர்மானிக்கின்றன. எனவே முதலில் படத்தின் மூலப்பொருளையும், பின்னர் அதன் ஆட்சிப் பின்னணியையும், இறுதியில் சான்றாக அதனைக் கையாளும் நெறியையும் இக்கட்டுரை முறையே எடுத்துக்கொள்கிறது.

2. மூலப்பொருள்: தாள், மெழுகு, வெள்ளி உப்பு

1841இல் டால்பட் காப்புரிமை பெற்ற கலோடைப்பு முறை, வெள்ளி உப்பு ஏற்றிய தாளில் எதிர்ப்படத்தைப் பதித்து, அதிலிருந்து பல நேர்ப்படங்களை எடுக்க வழி செய்தது. தாளின் நார்கள் ஒளியைச் சிதறடித்ததால் நுண்கூறுகள் மங்கின. இக்குறையைப் போக்க, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் மெழுகுத்தாள் முறையை அறிமுகப்படுத்தினார். தாளில் வெள்ளி உப்பை ஏற்றுவதற்கு முன்பே அதனை உருகிய மெழுகில் தோய்த்தால், நார்களின் இடைவெளி நிரம்பித் தாள் ஒளி ஊடுருவும் தன்மை பெறும். அவ்வாறு அணியமாக்கிய தாளைச் சில நாள் வைத்திருந்தும் பயன்படுத்தலாம்.

இப்பண்பே இந்தியப் பயணங்களில் முதன்மை பெற்றது. அதே 1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கரைசல் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். இதற்கு இருட்டுக் கூடாரமும் தூய நீரும் படமெடுக்கும் இடத்திலேயே தேவை. மாட்டுவண்டிப் பயணத்தில் கண்ணாடி உடையும். வெப்பத்தில் கரைசல் விரைந்து உலரும். மெழுகுத்தாள் எடை குறைந்தது, உடையாதது, முன்னரே அணியமாக்கத் தக்கது. ஆனால் அதற்குரிய விலை காலம். படம் பதிய நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்டது.

இக்கால நீட்சி படத்தின் உள்ளடக்கத்தை நேரடியாக மாற்றியது. நடப்பவர், வழிபடுபவர், அசையும் கொடிச்சீலை ஆகிய எவையும் தாளில் பதியவில்லை. பதிந்தாலும் புகைபோன்ற கறையாகவே எஞ்சின. நிற்கும் கல் மட்டுமே தெளிவாகப் பதிந்தது. ஆகவே இப்படங்களில் காணும் ஆளற்ற திருச்சுற்றுகள் கோயில் கைவிடப்பட்டிருந்ததற்குச் சான்றாகா. அவை வேதியியலின் விளைவு. ‘பாழ்பட்ட கீழைநாட்டுக் கோயில்’ என்ற எண்ணத்தோடு பார்த்த அன்றைய ஐரோப்பிய வாசகருக்கு இவ்வெறுமை அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தும் காட்சியாக அமைந்திருக்கக் கூடும். இன்றைய ஆய்வாளர் அதே முடிவுக்கு வருதல் கூடாது.

நிறம் பற்றிய எச்சரிக்கையும் இன்றியமையாதது. அக்கால வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவுக்கும் மட்டுமே நன்கு வினைபுரிந்தன. நீலம் வெண்மையாகவும், சிவப்பும் காவியும் கருமையாகவும் பதிந்தன. கோயில் மதிலின் காவிப்பட்டையும் வெண்பட்டையும் படத்தில் கரும்பட்டையும் வெண்பட்டையுமாகத் தோன்றும். செங்கல் முகப்பு கரிபடிந்ததுபோல் காட்சியளிக்கும். சுதைச் சிற்பங்களில் நீலம் தீட்டிய பகுதி வண்ணம் உதிர்ந்ததுபோல் வெளிறித் தெரியும். எனவே இப்படங்களின் கருமை வெண்மைகளைக் கொண்டு வண்ணப்பூச்சின் நிலையையோ செங்கல்லின் சிதைவையோ கணிப்பது பிழைபடும்.

வானமும் இதே காரணத்தால் வெறும் வெண்பரப்பாகவே பதிந்தது. டிரைப் தம் எதிர்ப்படங்களில் வண்ணம் தீட்டி முகிலையும் இலைத்தொகுதியையும் திருத்தியமைத்தார். தஞ்சைப் படங்களின் வானத்தில் முகில் காணப்பட்டால் அது கையால் இடப்பட்டதாக இருக்கக் கூடும். ‘உள்ளது உள்ளபடி’ எனப் போற்றப்பட்ட ஒளிப்படத்திலும் தூரிகையின் பங்கு இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

நேர்ப்படங்கள் உருப்பெருக்கம் இன்றி எடுக்கப்பட்டன. எதிர்ப்படத்தையும், வெள்ளி உப்பு ஏற்றிய தாளையும் சட்டத்தில் ஒன்றோடொன்று அழுத்தி வெயிலில் வைத்துப் படியெடுத்தனர். ஆகவே பெரிய படம் வேண்டுமெனில் பெரிய படப்பெட்டி வேண்டும். முட்டை வெண்கருப் பூச்சுள்ள தாள் 1850 முதல் வழக்கிற்கு வந்து நேர்ப்படத்தின் நுட்பத்தைக் கூட்டியது. ஆயினும் அப்பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகும்; வெள்ளித்துகள் கந்தகத்தோடு வினைபுரிந்து மங்கும். இன்று நாம் பார்க்கும் பழுப்பு நிறம் முழுவதும் 1858இன் நிறமன்று. அதில் ஒன்றரை நூற்றாண்டு முதுமையும் கலந்துள்ளது.

3. தஞ்சை 1858: இணைக்கப்பட்ட அரசும் படமெடுக்கப்பட்ட கோயிலும்

1855இல் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர் அவை, பழங்கட்டடங்களைப் பதிவுசெய்ய ஓவியருக்கு மாற்றாக ஒளிப்படத்தைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. விரைவும் சிக்கனமும் துல்லியமும் இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தோற்றுவித்த கலைப்பள்ளியும், 1856இல் உருவான ஒளிப்படக் கழகமும் இதற்குக் களமமைத்தன. 1854இல் அளேபீடு, பேலூர்க் கோயில்களையும், 1855இல் பர்மாத் தூதுக்குழுவோடு சென்று ஆவா நாட்டுக் கட்டடங்களையும் படமெடுத்திருந்த படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார்.

1857இன் இறுதியில் தொடங்கி 1858இன் முதல் மாதங்கள் வரை அவர் மேற்கொண்ட பயணத்தின் விளைவாக இராயக்கோட்டை முதலான சேலம் பகுதிகள், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள் வெளிவந்தன. வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் தெற்கே இப்பணி நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. கோட்டை, பாறை, அகழி, அரண்மனை, கோயில் ஆகிய அனைத்தும் ஒரே படப்பெட்டியால், ஒரே தொகுதி வடிவில் வரிசைப்படுத்தப்பட்டன.

தஞ்சைத் தொகுதியின் அரசியல் பின்னணி தனியே நோக்கத்தக்கது. மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினி அரசுரிமை முடிவுற்றதாக அறிவித்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1859இல் அவ்வவை, கைப்பற்றல் ஓர் அரசின் செயல் ஆதலின் நீதிமன்றம் அதனுள் புக இயலாது எனத் தீர்ப்பளித்தது. டிரைப் தஞ்சையில் படப்பெட்டியை நிறுத்திய 1858இல் இவ்வழக்கு முடிவுறாமல் நிலுவையில் இருந்தது. உரிமை எவருடையது என்ற வினா நீடித்தபோதே, அரண்மனை ஒரு காட்சிப்பொருளாகத் தாளில் பதிந்து, விற்பனைக்கும் வழங்கலுக்கும் உரிய தொகுதியாயிற்று. இப்படங்கள் இணைப்புக்கு நேரடிக் கருவியாயின எனக் கூறுவதற்கில்லை. ஆனால் வாழும் அரசின் இருக்கையைப் ‘பழங்கட்டடம்’ என்ற வகைக்குள் அவை கொண்டுவந்தன. தொண்டைமான் ஆட்சி நீடித்த புதுக்கோட்டையின் தொகுதியோடு இதனை ஒப்பிட்டுப் படித்தால் ஒரே வகைக் காட்சி இருவேறு அரசியல் பொருள் பெறுவது விளங்கும்.

இம்முயற்சி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யன், நிதி நெருக்கடிக் காலத்தில் இது தேவையற்ற ஆடம்பரம் எனக் கருதி அரசின் ஒளிப்படப் பிரிவை மூடச் செய்தார். சிக்கனத்தின் பெயரால் தொடங்கிய பணி சிக்கனத்தின் பெயராலேயே முடிந்தது. ஆயினும் கலைப்பள்ளி வழியாகத் தொழில்நுட்பம் உள்ளூர்க் கைகளுக்குச் சென்றது. அப்பள்ளியோடு தொடர்புடைய சி. அய்யாசாமி என்பாரின் பெயர் 1860களின் படங்களில் ஒளிப்படக் கலைஞராகவே இடம்பெறுகிறது. படம் ஒவ்வொன்றின் பின்னும் தாளை மெழுகில் தோய்த்தவர், பெட்டியைச் சுமந்தவர், வெயிலில் படியெடுத்தவர் எனப் பலர் உளர். அவர்களுள் இவ்வாறு பெயர் எஞ்சியவர் மிகச் சிலரே.

4. எழுத்தைப் படமெடுத்தலும் எழுத்தைப் படித்தலும்

டிரைப்பின் தஞ்சைப் பணியில் தமிழாய்வாளர் கருத்தை ஈர்க்கத்தக்கது, பெரிய கோயில் விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளின் தொடர்ப்படமாகும். படப்பெட்டியைச் சுவருக்கு இணையாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக அது அமைக்கப்பட்டது. கட்டடத்தின் அழகைக் காட்டுவது இதன் நோக்கமன்று. தொலைவிலுள்ள அறிஞர் படிப்பதற்காக எழுத்தைத் தாளுக்கு மாற்றுவதே நோக்கம்.

அன்று அவ்வெழுத்துகளின் பொருள் முழுமையாக வெளிப்படவில்லை. தலபுராண மரபு அக்கோயிலைக் கரிகாலனோடு தொடர்புபடுத்தியது. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஊல்ட்ஷ், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டபோதே, முதலாம் இராசராசன் எடுப்பித்த கற்றளி என்பதும் அதன் கொடைகளின் விரிவும் ஆய்வுலகில் நிலைபெற்றன. அதாவது, எழுத்து படமாக்கப்பட்டதற்கும் பாடமாக்கப்பட்டதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

இவ்விடைவெளியை நிரப்பியது ஒளிப்படமன்று, மைப்படியே. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்துள் இறக்கி, மேற்பரப்பில் மை ஒற்றி எடுக்கும் மைப்படி, கல்லைத் தொட்டு எடுக்கப்படுவது. எழுத்தின் உண்மை அளவைத் தருவது. ஒளிப்படமோ பக்கவொளியின் நிழலைச் சார்ந்தது. வெயில் நேராக விழும் பொழுதில் ஆழமற்ற எழுத்து மறைந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு எழுத்தை மூடியிருந்தால் படமும் பூச்சையே காட்டும். மற்றொரு நிலையில் ஒளிப்படம் மைப்படியை விஞ்சுகிறது. கல்வெட்டு எந்தக் குமுதப்படையில், எந்தக் கோட்டத்தின் கீழ், எந்தச் சிற்பத்தை அடுத்து அமைந்தது என்ற இடச்சூழலை மைப்படி இழந்துவிடும்; ஒளிப்படம் அதனைக் காக்கும். கல்வெட்டையும் கட்டடத்தையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் பயிலும் இன்றைய நிலையில், இரண்டையும் ஒருசேரப் பதிந்த இத்தொடர்ப்படம் ஒருங்கிணைந்த வாசிப்புக்கு வழிகாட்டுகிறது.

5. எல்லைக்கு வெளியே காரைக்கால்

தஞ்சைக்குச் சென்ற மெழுகுத்தாள் முறை பிரான்சில் பிறந்தது. அதனை வெளியிட்ட லெ கிரே, 1851இல் பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் நாடு முழுவதும் கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பிய ஐவருள் ஒருவர். பால்துய், லெ செக், பயார், மெஸ்திரால் ஆகியோர் ஏனையோர். அரசே ஒளிப்படக் கலைஞரை அமர்த்திக் கட்டடங்களைப் பதிவுசெய்த தொடக்க முயற்சிகளுள் தலைமையானது அது. ஆனால் அதன் எல்லை பிரான்சின் உள்நாடே. கடல்கடந்த குடியேற்றப் பகுதிகள் அதில் இடம்பெறவில்லை. இவ்வாறு, பிரெஞ்சு முறை ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் கையில் தஞ்சையை அடைந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலை அன்று அடையவில்லை.

சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞருக்குக் காரைக்கால் அயல்நாட்டுப் பகுதி. அவருடைய பயண வழி சென்னை மாகாணத்தின் பகுதிகளையும் அதனோடு பிணைந்த நாடுகளையும் சார்ந்தே அமைந்தது. பின்னர் இராபர்ட் சீவெல் 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட தொல்லெச்சப் பட்டியல்களும் மாவட்ட வாரியாக அமைந்தவையே. ஆட்சி எல்லையே அறிவின் எல்லையாயிற்று. திருநள்ளாற்றையும் அதன் அண்டைத் தலங்களையும் ஒரே வட்டாரக் கட்டட மரபாக ஆராய முனைவோர், சான்றுகளுக்காக ஒருபுறம் சென்னையையும் இலண்டனையும், மறுபுறம் புதுச்சேரியையும் பிரான்சின் ஏக்சு நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டியிருப்பது இதன் தொடர்விளைவே.

அக்காலக் காரைக்கால் ஆவணமற்ற ஊரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய துறைகளுள் அதுவும் ஒன்று. கப்பல், ஆள், ஒப்பந்தம் ஆகியன பற்றிய பதிவுகள் ஆட்சிக்குத் தேவைப்பட்டன; கட்டடம் பற்றிய காட்சிப்பதிவு அவ்வளவு தேவைப்படவில்லை. ஆட்சி எதனை எண்ணியது, எதனைப் பார்த்தது என்ற வேறுபாட்டை இது காட்டுகிறது.

காரைக்காலின் கட்டட இயல்பும் இதற்கு ஒரு காரணம். கழிமுகச் சமவெளியில் கல் கிடைப்பதில்லை. செங்கல், சுண்ணாம்பு, சுதை, மரத்தூண், நாட்டோடு ஆகியவையே இயல்பான கட்டுபொருள்கள். கடற்காற்றின் உப்பு சுண்ணாம்பை அரிப்பதால் இவை அடிக்கடி புதுப்பிக்கப்படுவன. அரசு ஒளிப்படக் கலைஞர் தேடியதோ பெருங்கல் கட்டடம், அல்லது பேரரசோடு தொடர்புடைய எச்சம். திண்ணையும் நடையும் முற்றமும் கொண்ட வீடு, சுதைக் கோபுரமுடைய ஊர்க்கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் ஆகியன அவ்வரையறையுள் எளிதில் அடங்கா.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட அஞ்சலட்டைகள் இந்நிலையை ஓரளவு மாற்றின. பிரெஞ்சிந்தியக் குடியேற்றங்கள் என்ற தலைப்பில் வெளிவந்த அட்டைகளில் காரைக்காலும் இடம்பெற்றது. ஆண்டு குறிக்கப்படாத அட்டைகளைக் காலவரிசைப்படுத்த அவற்றின் பின்புறமே உதவும். பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியதாயின் அது பழைய வடிவம். முகவரிக்கும் செய்திக்கும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது பிரான்சில் அம்முறை வழக்கிற்கு வந்த 1904க்குப் பிந்தியதாகக் கொள்ளத்தக்கது. அஞ்சல் முத்திரை அனுப்பிய நாளைத் தருமேயன்றிப் படமெடுத்த நாளைத் தராது. ஒரே படம் பல்லாண்டு மறு அச்சாவது இயல்பு.

அரசுத் தொகுதியும் அஞ்சலட்டையும் ஒருங்கே தவறவிடுவது கட்டடத்தின் பயன்பாட்டை. ஆனித் திங்களில் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்படுகின்றன. அன்று வீதியும் திண்ணையும் மாடியும் கோயிலின் விரிவாகவே மாறுகின்றன. நிமிடக் கணக்கில் அசைவின்மையை வேண்டிய தாளுக்கு இக்கட்டடக்கலை எட்டாதது. கருவறையும் அவ்வாறே. பிறசமயத்தார் நுழையத் தக்க எல்லை வரையிலேயே அயலவரின் படப்பெட்டி சென்றது. ஆகவே அவர்கள் எடுத்த தொடக்ககாலப் படங்கள் கோயிலை வாயிலிலிருந்தும் வெளிச்சுற்றிலிருந்தும் காட்டுவன. வழிபடுவோர் உள்ளிருந்து காணும் காட்சியை அவற்றில் தேடுதல் இயலாது.

6. நாகப்பட்டினம் 1867: படத்தொகுதிக்குள் வாராத கோபுரம்

காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினம் ஆங்கில எல்லைக்குள் இருந்தும் டிரைப்பின் தொகுதித் தலைப்புகளில் இடம்பெறவில்லை. அங்கே புதுவெளிக் கோபுரம் எனவும் சீனக் கோபுரம் எனவும் வழங்கிய ஒரு செங்கல் கோபுரம் நின்றது. 1846இல் அதனைப் பார்வையிட்ட சர் வால்டர் எலியட், சாந்தின்றிச் செங்கற்களை நெருக்கமாக அடுக்கிய மூன்று நிலைக் கட்டடமாக அதனை வருணித்தார். கப்பலோட்டிகளுக்கு அது கரையடையாளமாகவும் விளங்கியது. இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னரின் ஆதரவில் எழுந்த சூடாமணி விகாரத்தோடு அதனைத் தொடர்புபடுத்துவது வழக்கம்.

அவ்விடத்தில் இயேசு சபையார் கல்லூரி நடத்தினர். சிதைந்த கோபுரத்தை அகற்ற அவர்கள் விடுத்த வேண்டுகோள் சில ஆண்டுகள் நிலுவையில் இருந்து, 1867இல் அரசின் இசைவு பெற்றது. கோபுரம் இடிக்கப்பட்டு அதன் செங்கற்கள் பள்ளிக் கட்டடப் பணிக்கு விடப்பட்டன. அவ்வளாகத்தில் 1856 முதல் கிடைத்த புத்தப் படிமங்கள், அடுத்த நூற்றாண்டில் கிடைத்தவற்றோடு சேர்ந்து 350ஐ எட்டின. அவற்றை டி. என். இராமச்சந்திரன் 1954இல் நூலாக ஆராய்ந்தார். படிமங்கள் அருங்காட்சியகம் சேர்ந்தன. கோபுரம் மண்ணோடு மறைந்தது. எலியட் 1878இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் எழுதிய கட்டுரையும் அதனோடமைந்த வரைபடமுமே அதன் உருவத்தைப் பரவலாக அறியச் செய்தன.

இங்கு இரண்டு ஒப்பீடுகள் தேவை. முதலாவது, எலியட்டின் பெயரால் வழங்கிய அமராவதிச் சிற்பங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் டிரைப் 1858இல் படமெடுத்தார். எலியட் நேரில் கண்டு குறித்த நாகைக் கோபுரம் அப்போது நின்றுகொண்டிருந்தும் அத்தொகுதிகளில் சேரவில்லை. எடுத்துச் செல்லத்தக்க சுண்ணக்கல் சிற்பம் பதிவு பெற்றது. எடுத்துச் செல்லவியலாத செங்கல் கோபுரம் பெறவில்லை. இரண்டாவது, கோபுரத்தை இடிக்க இசைவளித்த அதே 1867ஐ ஒட்டியே, தென்னாட்டுக் கட்டடத் தொன்மைகளைப் படமெடுக்க எட்மண்ட் டேவிட் லயனைச் சென்னை, மைசூர் அரசுகள் அமர்த்தின. பதிவும் அழிப்பும் ஓர் ஆட்சியின் இருவேறு அலுவல்களாக ஒரே காலத்தில் நடந்தன. எனவே ஒளிப்படத்தின் வரவு பாதுகாப்பு உணர்வின் வரவாகும் என எளிதாகக் கொள்ள இயலாது.

7. அளவும் சொல்லும்: ராம் ராஸ் முதல் ழுவோ-துப்ரேய் வரை

ஒளிப்படத்திற்கு முன்பே தஞ்சை மண்ணில் மற்றொரு பதிவு மரபு தோன்றியிருந்தது. தஞ்சையில் பிறந்த ராம் ராஸ், சிற்ப நூல்களைத் தேடித் தொகுத்து, தொழில்வல்ல சிற்பியரின் துணையோடு அவற்றின் கலைச்சொற்களுக்குப் பொருள் கண்டு எழுதிய கட்டடக்கலை நூல், அவர் மறைவுக்குப்பின் 1834இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்தால் வெளியிடப்பட்டது. அதில் கட்டடம் அளவாகவும் பெயராகவும் உறுப்புகளின் கூட்டாகவும் விளக்கம் பெற்றது. அதிட்டானம், பாதம், பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி என அடியிலிருந்து முடிவரை எண்ணும் முறை சிற்பியின் பார்வை.

ஒளிப்படம் தந்ததோ வெளியே நிற்பவரின் பார்வை. பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாறு, ஒளிப்படங்களின் பெருந்தொகுப்பைத் துணைக்கொண்டே பாணிகளை வகைப்படுத்தியது. ஒப்பிட்டு நோக்க அது வழிசெய்தது. ஆனால் சிற்பியின் சொல்லும் அளவும் அதில் பின்னுக்குச் சென்றன. ஒளிப்படத்தை நேரடியாக நூலில் அச்சிடும் வசதி பரவாமையால் அவை மரச்செதுக்குப் படங்களாக மாற்றப்பட்டே வெளிவந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். செதுக்குநர் கையில் ஒருமுறை மாறிய உருவையே வாசகர் கண்டனர்.

இவ்விரு மரபுகளையும் இணைத்தவர் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ-துப்ரேய். 1914இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூல், கட்டடக்கலை, படிமவியல் என இரு தொகுதிகளாக அமைந்தது. ஒளிப்படம், கோட்டோவியம், சிற்பியரிடம் கேட்டறிந்த கலைச்சொல் ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே கையாண்டார். போதிகை, கூடு, கோட்டம் போன்ற சிறு உறுப்புகளின் வடிவ மாற்றத்தைக் காலவரிசைப்படுத்திப் பல்லவர், சோழர், விசயநகரர் காலக் கட்டடங்களை வேறுபடுத்தும் அளவுகோலை வகுத்தார். முழுக் கோபுரத்தின் அழகுக் காட்சியை விட ஒரு போதிகையின் அண்மைப் படமே இங்குச் சான்றாயிற்று. பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்து தோன்றிய இம்முறை எல்லை கடந்த தமிழகம் முழுமைக்கும் பொருந்தியது.

1955இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்து ஒரு இலட்சத்தைக் கடந்த படத்தொகுப்பை உருவாக்கியது. அந்நிறுவன வெளியீட்டு வரிசையின் முதல் நூல், காரைக்காலம்மையார் பாடல்களைக் காரைவேலன் பிரெஞ்சில் பெயர்த்து 1956இல் வெளிவந்ததாகும். டிரைப்பின் தொகுதிகளிலிருந்து இத்தொகுப்பு அடிப்படையில் வேறானது. புகழ்பெற்ற கோயிலோடு பெயரறியாச் சிற்றூர்க் கோயிலும், கற்றளியோடு செங்கல் தளியும் ஒரே வரிசையில் இதில் இடம்பெறுகின்றன.

8. ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் நெறி

கழிமுகக் கோயில்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருவன. பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார் மேற்கொண்ட விரிவான திருப்பணிகளும் பல தலங்களின் உருவத்தை மாற்றியுள்ளன. எனவே அதற்கு முற்பட்ட படங்களின் மதிப்பு பெரிது. ஆயினும் அவற்றை ‘மூல வடிவம்’ எனக் கொண்டு மீளமைக்க முனைவது புதிய சிக்கலைத் தோற்றுவிக்கும். 1858ஆம் ஆண்டுப் படம் 1858ஆம் ஆண்டு நிலையையே காட்டும். அந்நிலையும் சோழர், நாயக்கர், மராட்டியர் காலப் பணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததே.

திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் அது முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரமாக நிற்கிறது. 1987இல் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரத்தில் நிறைவுற்றது. பழைய படத்தையே மூலமெனக் கொள்வோருக்கு இது உருமாற்றம். கோயில் மரபில் நிற்போருக்கு நெடுநாள் நின்ற பணியின் நிறைவு. எது சரி என்பதை ஒளிப்படம் தீர்மானிக்காது. எப்போது எந்நிலை இருந்தது என்பதை மட்டுமே அது உறுதிசெய்யும்.

இவற்றால் பின்வரும் நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, படத்தை எடுத்தாளும்போது ஆண்டு, கலைஞர், ஆணையிட்டோர் ஆகியவற்றோடு எதிர்ப்படத்தின் வகையையும் குறித்தல் வேண்டும். மெழுகுத்தாளுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நுட்பம் ஒன்றன்று. இரண்டாவது, வண்ணம், வானம், மக்கள் நடமாட்டம் ஆகிய மூன்றையும் அப்படங்களிலிருந்து நேரடியாக முடிவுசெய்தல் கூடாது. மூன்றாவது, நூலில் மறு அச்சான படத்தைவிட மூலப்படியை நாடுதல் நலம். மரச்செதுக்கு, அஞ்சலட்டை, நூற்படம் எனப் படிதோறும் உரு மாறுகிறது. நான்காவது, ஒளிப்படத்தை மைப்படி, அளவு வரைபடம், சிற்பியின் கலைச்சொல், கோயில் கணக்கு ஆகியவற்றோடு இணைத்தே முடிவு காணல் வேண்டும். ஐந்தாவது, படம் இல்லாத கட்டடத்தைச் சிறப்பற்றது எனக் கொள்ளாது, படமின்மைக்கான ஆட்சிக் காரணத்தையும் பொருட் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

9. முடிவுரை

தொடக்ககாலக் கட்டடக்கலை ஒளிப்படம், மெழுகும் வெள்ளி உப்பும் வெயிலும் தாளும் சேர்ந்து உருவான பொருள். அதே வேளையில் ஆட்சி, நிதி, எல்லை, நுழைவுரிமை ஆகியவற்றால் வரையறுக்கப்பட்ட பார்வை. தஞ்சையில் அது இணைக்கப்பட்ட அரசின் கட்டடங்களை வரிசைப்படுத்தியது. படிக்கப்படாத கல்வெட்டுகளைப் படிப்பவர் வருமுன்பே காத்தது. நாகப்பட்டினத்தில், இடிபடவிருந்த கோபுரத்தைத் தன் தொகுதிகளில் சேர்க்கத் தவறியது. காரைக்காலில், தன் முறை பிறந்த நாட்டின் ஆட்சிப் பகுதியாயிருந்தும் காலந்தாழ்ந்தே வந்தது.

2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டனிலும் இலண்டனிலும் நடந்த கண்காட்சி டிரைப்பின் படங்களை உலகக் கலைவரலாற்றில் நிலைநிறுத்தியுள்ளது. தமிழாய்வுக்கு எஞ்சியுள்ள பணி, அப்படங்களைக் கல்வெட்டோடும் தலமரபோடும் சிற்பியின் சொல்லோடும் இணைத்துப் படிப்பதாகும். காரைக்கால் வட்டாரத்திற்கு அப்பணி மேலும் ஒன்றை வேண்டுகிறது. வீடுகளின் பழம்படங்கள், திருவிழாப் படங்கள், அஞ்சலட்டைகள், திருப்பணி மலர்கள் ஆகியவற்றைப் புதுச்சேரித் தொகுப்போடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால், அரசு ஒளிப்படக் கலைஞர் காணாத செங்கல்லும் சுதையுமான கட்டட மரபு ஆய்வுக்குரிய சான்றுடன் வெளிப்படும். உப்புக்காற்றில் அழியும் கட்டுபொருளாதலின் அப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.